இறாத்தலும் பரனைற்றும்: தன்வெப்ப அலகுகளின் வரலாறு

காண்டல், கருதல், உரை எனத் தருக்க நூலார் வகுத்த அளவைகள் வேறு. இறாத்தலும் கொத்தும் பரப்புமாகக் கடையிலும் வயலிலும் வழங்கும் அளவைகள் வேறு. ஆயினும் ஓரளவையினின்று மற்றோரளவைக்குச் செல்லும்போது அளக்கப்பட்ட பொருள் திரியாது நிற்றல் வேண்டும் என்னும் விதி இரண்டிற்கும் ஒக்கும். பௌதிக நூலிலே இவ்விதியின் அருமையை நன்கு புலப்படுத்துவது தன்வெப்பத்தின் வரலாறாகும். பழைய பாடநூல்களில் நீரின் தன்வெப்பம் 1 என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதற்கு அலகு இல்லை. அடுத்து வந்த நூல்கள் அதனைக் கிராமுக்குப் பாகைக்கு 1 கலோரி என்றன. இன்றைய நூல்களோ கிலோகிராமுக்குப் பாகைக்கு ஏறத்தாழ 4200 யூல் என்கின்றன. நீர் மாறவில்லை, அதனை அளந்த கோல் மாறிற்று. அக்கோல் மாறிய வகையை அறியாது எண்ணை மட்டும் மனனஞ் செய்த மாணாக்கன் பழைய நூலொன்றையும் புதிய நூலொன்றையும் ஒருங்கே விரித்தால் மயங்குவது இயல்பே.

தன்வெப்பம் என்னும் கருத்து பிறந்த இடம் ஸ்கொத்துலாந்து. அதனை ஆராய்ந்து தெளிந்தவர் யோசப்பு பிளாக்கு என்னும் வேதிநூற் பேராசிரியர். 1728 இல் பிரான்சு தேசத்துப் போர்டோ நகரிலே, திராட்சை மது வணிகரொருவரின் மகனாகப் பிறந்த இவர், 1756 முதல் கிளாசுக்கோப் பல்கலைக்கழகத்திலும் 1766 முதல் எடின்பரோவிலும் கற்பித்தார். தமது கண்டுபிடிப்புக்களை நூலாக எழுதி வெளியிடுவதில் இவருக்கு நாட்டம் இருந்ததில்லை. வகுப்பிலே சொல்வதோடு அமைந்தார். 1799 இல் இவர் இறந்தபின், நண்பராகிய யோன் உரொபிசன் அவ்விரிவுரைகளைத் தொகுத்து 1803 இல் வெளியிட்டார். மாணாக்கர் எழுதிக்கொண்ட குறிப்பேடுகளின் வாயிலாகவே ஓர் அறிவுத்துறையின் அடிப்படை நாற்பதாண்டு காலம் பரவிற்று என்பது ஆசிரியத் தொழில் பூண்டோர் மகிழத்தக்க செய்தி.

பிளாக்கு எடுத்துக்காட்டிய கணக்கு எளியது. 100 பாகையிலுள்ள நீரும் 150 பாகையிலுள்ள இரசமும் ஒத்த கனவளவினவாகக் கலக்கப்படுகின்றன. இரண்டும் வெப்பத்தை ஒரே வகையாக ஏற்பனவாயின் கலவை 125 பாகையில் நிற்றல் வேண்டும். ஆனால் அது 120 பாகையிலேயே நின்றுவிடுகிறது. இரசம் 30 பாகை இழக்க, நீர் 20 பாகையே ஏறுகிறது. அக்காலத்தறிஞர், ஒரு பொருள் எவ்வளவு பாரமானதோ அவ்வளவுக்கு மிகுந்த வெப்பத்தைக் கொள்ளும் என்று கருதியிருந்தனர். இரசம் நீரினும் பதின்மூன்றரை மடங்குக்கு மேற் பாரமுடையது. எனினும் வெப்பத்தைக் கொள்வதில் அது நீருக்குத் தோற்கிறது. ஆகவே பாரம் வேறு, வெப்பத்தைக் கொள்ளுந் தன்மை வேறு என்று பிளாக்கு முடிவு செய்தார். இன்று அறியப்பட்ட எண்களைக் கொண்டு கணித்தால் அக்கலவை 115½ பாகையளவிலே நிற்றல் வேண்டும். பிளாக்கு கூறிய 120 செம்மையான எண்ணன்று. அவர் நிறுவிய உண்மையோ செம்மையானது. பரிசோதனைச்சாலையில் விடை சிறிது பிழைத்ததென்று மனஞ்சோர்ந்து எண்ணைத் திருத்தி எழுதும் மாணவர் இதனைக் கருதுவாராக.

இங்கே கவனிக்கற்பாலது, அந்தப் பாகைகள் யாவும் பரனைற்று அளவையின என்பது. தான்சிக்கு நகரிற் பிறந்த தானியேல் பரனைற்று என்பார் 1724 இல் வெளியிட்ட அவ்வளவையே ஆங்கிலம் வழங்கிய நாடுகளில் ஊன்றியது. பனி உருகும் நிலை 32, நீர் கொதிக்கும் நிலை 212. இடையே 180 பகுதிகள். சுவீடன் நாட்டுச் செல்சியசு 1742 இல் வகுத்த நூற்றளவையில் அவ்விடைவெளி 100 பகுதிகள். 180 க்கு 100 என்னும் இவ்விகிதமே, அதாவது 9 க்கு 5 என்பதே, பிற்காலத்து மயக்கங்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

பிளாக்குக்கு வெப்பத்தின் அலகு ஒன்று தேவைப்படவில்லை. நீரை ஒன்றாகக் கொண்டு பிறவற்றை அதனோடு ஒப்பிட்டார். சுவீடனில் வில்க்கே 1781 இலும், பிரான்சில் இலவாசியேயும் இலப்பிளாசும் 1783 இலும் அவ்வாறே செய்தனர். பின்னிருவரும் பனிக்கட்டியாற் சூழப்பட்ட கலமொன்றில் பொருளை வைத்து, உருகிய நீரை நிறுத்து அதன் வெப்பத்தை அளந்தனர். இம்முறையாற் கிடைப்பவை வெறும் விகிதங்கள். செம்புக்கு 0.092, இரும்புக்கு 0.11, இரசத்துக்கு 0.033, பனிக்கட்டிக்கு 0.5. விகிதத்துக்கு நாடில்லை, அரசில்லை, நிறைகல்லில்லை. இறாத்தலால் அளந்தவனுக்கும் கிராமால் அளந்தவனுக்கும் செம்பு 0.092 ஆகவே நின்றது.

அலகு வேண்டுமென்ற நிலை நீராவி எந்திரத்தோடு வந்தது. கொதிகலனுக்கு எத்துணை நிலக்கரி வேண்டும் என்று கேட்கும் பொறியியலாளனுக்கு விகிதம் போதாது. வெப்பத்தின் தொகை வேண்டும். பிரான்சில் நிக்கொலா கிளெமான் 1824 அளவில் தம் விரிவுரைகளிலே கலோரி என்னும் சொல்லை வழங்கினார். அவர் கருதியது ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம். கிராம் கலோரி பின்னர் வந்தது. ஆங்கிலேயர் தம் இறாத்தலையும் பரனைற்றையும் விடாது, ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகை சூடாக்கும் வெப்பத்தைப் பிரித்தானிய வெப்ப அலகு என்றனர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இறாத்தலைப் பிரித்தானியாவிலிருந்தும் பாகையைச் செல்சியசிடமிருந்தும் வாங்கிக்கொண்ட கலப்பலகு ஒன்றும் உண்டு. ஓர் இறாத்தல் நீரை ஒரு சதமவளவைப் பாகை சூடாக்கும் வெப்பமாகிய அதனை ஆங்கிலப் பொறியியல் நூல்கள் நெடுங்காலம் வழங்கின. ஒரு பிரித்தானிய அலகு ஏறத்தாழ 252 கலோரி. கலப்பலகு அதன் 1.8 மடங்கு, அதாவது ஏறத்தாழ 453.6 கலோரி.

இத்துணை வேறுபாடுடைய அலகுகள் மூன்றிலும் நீரின் தன்வெப்பம் 1 என்றே இருக்கும் என்பது முதற்பார்வையில் வியப்புத் தரும். காரணம் வரைவிலக்கணத்திலேயே உள்ளது. ஒவ்வோர் அலகும் தன் நிறையலகையும் தன் பாகையலகையும் நீரையும் கொண்டே ஆக்கப்பட்டது. தன்வெப்பத்தைக் காணும்போது அதே நிறையாலும் அதே பாகையாலும் வகுக்கிறோம். ஆகவே இறாத்தல் இறாத்தலோடும் பரனைற்றுப் பரனைற்றோடும் நீங்கிவிட, நீரோடு ஒப்பிட்ட விகிதமே எஞ்சுகிறது. இறாத்தலுக்குப் பரனைற்றுப் பாகைக்கு ஒரு பிரித்தானிய அலகு என்பதும், கிராமுக்குச் சதமவளவைப் பாகைக்கு ஒரு கலோரி என்பதும் ஒன்றே. மாற்றுங் காரணி 1. பிளாக்கின் விகிதம் அலகின் ஆடையை உடுத்து வந்ததேயன்றி வேறன்று.

இதனைக் கணக்கொன்றால் தெளியலாம். பத்து இறாத்தல் நிறையுள்ள செப்புக் கிடாரம் ஒன்று 82 பாகை பரனைற்றிலிருந்து 212 பாகைக்குச் சூடாகிறது என்க. வேண்டிய வெப்பம் 10, 0.092, 130 ஆகியவற்றின் பெருக்கமாகிய 119.6 பிரித்தானிய அலகு. அதே கிடாரத்தின் திணிவு 4536 கிராம். ஏறிய வெப்பநிலை 72.2 சதமவளவைப் பாகை. 4536 ஐ அதே 0.092 ஆலும் 72.2 ஆலும் பெருக்க, ஏறத்தாழ 30,140 கலோரி வருகிறது. 119.6 ஐ 252 ஆற் பெருக்கினாலும் அதுவே. இரு கணக்கிலும் 0.092 தொடப்படவில்லை என்பதை நோக்குக. பாகை மாறியதால் இதனையும் 5/9 ஆற் பெருக்கவேண்டுமென்று எண்ணுவோன் இருமுறை மாற்றியவனாவான். விடையும் அவ்வளவுக்குக் குறைந்துவிடும்.

மறைவெப்பத்தின் நிலை இதனின் வேறு. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறுவதில்லை. ஆகவே வகுத்தற்குப் பாகை இல்லை. இறாத்தல் மட்டும் நீங்க, பாகையின் வேறுபாடு நீங்காது நிற்கிறது. அதனால் கிராமுக்கு 80 கலோரி என்பது இறாத்தலுக்கு 144 பிரித்தானிய அலகாகிறது. நீராவியின் 540 என்பது 970 அளவாகிறது. கலப்பலகில் மீண்டும் 80, 540 என்றே வரும். ஒரே அதிகாரத்தில், ஒரே அலகுகளைக் கொண்டு செய்யும் இரு கணக்குகளில், ஒன்றுக்குக் காரணி 1 ஆகவும் மற்றதற்கு 9/5 ஆகவும் இருப்பதே மாணாக்கரை வருத்திய முடிச்சு. வாய்பாடாக இதனை மனனஞ் செய்வித்த ஆசிரியர் ஒரு பரீட்சைக்கே உதவினர். பாகை எங்கே நீங்குகிறது என்று காட்டிய ஆசிரியர் எல்லாப் பரீட்சைக்கும் உதவினர்.

வெப்பத்தை வேலையோடு இணைத்த யேம்சு யூலின் வரலாற்றிலும் இறாத்தலே நிற்கிறது. மான்செசுற்றருக்கு அயலான சால்பட்டில் 1818 இற் பிறந்து, தந்தையின் மதுவடிசாலையில் உழைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்த இவர், வீழும் நிறைகளாற் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி நீரைச் சூடாக்கினார். ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகை உயர்த்த 772 இறாத்தல் நிறை ஓரடி வீழ்தல் வேண்டும் என்பது 1850 இல் அவர் வெளியிட்ட முடிபு. 1878 இல் அதனைத் திருத்தி 772.55 என்றார், அவ்வெண் அவருடைய கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்றைய எண் 778. அடியும் இறாத்தலும் பரனைற்றுமன்றி வேறறியாத கணக்கினராகிய இவருடைய பெயரே, 1889 இல், மெற்றிக்கு முறையின் சத்தியலகுக்கு இடப்பட்டது. பின்னர் இறாத்தலையும் பரனைற்றையும் பௌதிக நூலினின்று வெளியேற்றியதும் அந்த யூலே.

யூலுக்குப் பின் வந்த அமெரிக்கராகிய என்றி உரோலண்டு, 1879 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நீரின் தன்வெப்பம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றன்று என்று நிறுவினார். குளிர்நீரினின்று ஏறும்போது அது சிறிது குறைந்து, பின் மீண்டும் ஏறுகிறது. நீரே அளவுகோலாயிருக்க, அக்கோலே நீண்டுங் குறுகியும் வருமாயின் அளப்பது எங்ஙனம்? ஆகவே 15 பாகைக் கலோரி, சராசரிக் கலோரி, வேதிநூற் கலோரி எனவும், 39 பாகை, 59 பாகை, 60 பாகைப் பிரித்தானிய அலகு எனவும் பல தோன்றின. 39 பாகை அலகு 1059.7 யூல், 59 பாகை அலகு 1054.8 யூல். வேறுபாடு நூற்றுக்கு அரைக்கூறுக்குக் குறைவு. வகுப்பறைக் கணக்குக்கு அது பொருட்டன்று. பெருங்கொதிகலன்களை விற்போருக்கும் வாங்குவோருக்கும் அது பணம். இவ்வரைவிலக்கணங்கள் யாவும் குளிர்நாட்டார் வகுத்தவை என்பதையும் சொல்லல் தகும். 15 பாகை நீர் யாழ்ப்பாணத்துக் கிணறு எதிலும் அகப்படாது. இங்கு இயல்பாய்க் கிடைக்கும் 30 பாகையளவான நீரின் தன்வெப்பம், 15 பாகை நீரினும் சற்றுக் குறைந்து, கிலோகிராமுக்கு 4178 யூல் அளவாகும்.

இப்பன்மையைத் தீர்க்க இருவழிகள் கைக்கொள்ளப்பட்டன. 1948 இற் கூடிய நிறை அளவைகளின் ஒன்பதாம் பொதுமாநாடு, வெப்பத்துக்குத் தனியலகு வேண்டியதில்லை, யூலே போதும் என்றது. சதமவளவைப் பாகை என்னும் பெயரைச் செல்சியசுப் பாகை என மாற்றியதும் அவ்வாண்டே. ஆனால் கொதிகலன் உலகம் தன் பழைய அலகுகளை எளிதிற் கைவிடவில்லை. 1956 இல் இலண்டனிற் கூடிய நீராவிப் பண்புகள் பற்றிய மாநாடு, நீரைக் கேளாமலே கலோரியை யூலால் வரையறுத்தது: ஒரு கலோரி 4.1868 யூல். இவ்வெண் வாளா தெரியப்பட்டதன்று. 41868 ஒன்பதால் மீதியின்றி வகுபடும். ஆகவே அதனை 5/9 ஆற் பெருக்க, இறாத்தலுக்கு ஒரு பிரித்தானிய அலகு என்பது கிலோகிராமுக்கு 2326 யூல் என்று பின்னமின்றி முடிகிறது. பரனைற்றுக்கும் செல்சியசுக்கும் இடையே இருநூறாண்டாக இருந்த 9 க்கு 5 என்னும் விகிதத்தை எண்ணின் உள்ளேயே அடக்கிவிட்டனர். கணக்கறிந்தோர் கூடிச் செய்த காரியங்களுள் இதனைப் போல் அழகியது அரிது. 1959 இல் இறாத்தல் 0.45359237 கிலோகிராம் என அறுதியிடப்பட்டபோதும் 2326 அசையவில்லை. இறாத்தல் முன்னமே நீங்கிவிட்டதன்றோ.

ஆயினும் தன்வெப்பத்தைப் பொறுத்தவரை 1956 இல் ஒரு நுட்பமான இழப்பு நேர்ந்தது. கலோரி யூலால் வரையறுக்கப்பட்ட அன்றே நீரின் தன்வெப்பம் சரியாக 1 என்பது பொய்யாயிற்று. ஏறத்தாழ 1 என்றாயிற்று. 1960 இல் அனைத்துலக முறை பெயர் பெற்றபின் அந்த 1 பாடநூலினின்றும் மறைந்தது. இப்போது செம்பின் தன்வெப்பம் 385, இரும்பின் 450 என எழுதப்படுகின்றன. 0.092 என்றபோது, செம்பு நீரில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே வெப்பங் கொள்வது எண்ணிலேயே தெரிந்தது. 385 என்றபோது அதனை அறிய 4200 ஐயும் நினைவிற் கொள்ளவேண்டும். கடலினும் தரை விரைந்து சூடாவதேன், பகலிற் கடற்காற்று வீசுவதேன் என்று விளக்கும் ஆசிரியர், நீரை 1 ஆகவும் மணலை 0.2 ஆகவும் இன்றும் கரும்பலகையில் எழுதுவாராயின் அவரைக் குறைகூற இயலாது.

யாழ்ப்பாணத்திலே இவ்வலகுகள் இலண்டன், கேம்பிரிட்சுப் பரீட்சைகளின் வழியே புகுந்தன. 1905 இல் காங்கேசன்துறை வரையும் நிறைவெய்திய புகையிரதப் பாதையிலே ஓடிய நீராவி எந்திரங்களின் கொதிகலன்களும் இறாத்தற் கணக்கினவே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி முதலிய சைவக் கல்லூரிகள் ஆங்கிலத்திற் கற்பித்த காலம் அது. தமிழிற் கூறுவதற்கு முயற்சிகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கியிருந்தன. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் கிறீன் 1875 இல் வெளியிட்ட வேதிநூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டார். சொல்லைத் தமிழாக்குவதா, ஒலியைத் தமிழாக்குவதா என்னும் வழக்கு அப்பெயரிலேயே தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராய்ப் பணியாற்றிய விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகிய கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. இலங்கை சுதந்திரம் பெற்றபின் அரசகரும மொழித் திணைக்களமும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. யூல், உவாற்று, பரனைற்று என்னும் வடிவங்களும், திணிவு, மறைவெப்பம், தன்வெப்பம் என்னும் சொற்களும் அவ்வழியே மாணாக்கர் நாவில் நிலைத்தன.

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஏற்பாடு வேரூன்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் உலகம் அலகை மாற்றியது என்பது அத்தலைமுறை ஆசிரியருக்கு நேர்ந்த இடர். சொல்லை மாற்றி முடிக்குமுன் எண்ணை மாற்றவேண்டியதாயிற்று. 1970 களில் இலங்கை மெற்றிக்கு முறைக்குச் சென்றபோது, வெறும் விகிதமாயிருந்த தன்வெப்பம் அலகுடைய கணியமாகித் தன்வெப்பக் கொள்ளளவு என நீண்டது. தமிழ்நாட்டு நூல்கள் அதனைத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கின்றன. இரண்டும் ஒரு பொருளனவாயினும் சொல்லின் உள்ளீடு வேறு. கொள்ளளவு என்பது, வெப்பத்தை ஒருவகைப் பாய்பொருளாகக் கருதிய பிளாக்கு காலத்துக் கொள்கையின் நிழல். குடத்துள் நீர்போல் பொருளுள் வெப்பம் நிறைவதாக அது எண்ணச் செய்கிறது. ஏற்புத்திறன் அவ்வாறு எண்ணச் செய்யாது. சொல்லளவில் பின்னதே செவ்விதாயினும், ஆங்கிலமூலமும் அப்பழைய நிழலையே தாங்கி நிற்றலின், இலங்கைச் சொல்லைப் பிழையென்று தள்ளுதல் பொருந்தாது.

பரமேசுவரக் கல்லூரி இருந்த வளவில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்து, 1979 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் விஞ்ஞான பீடத்தில் இறாத்தலால் வெப்பம் அளப்பார் இல்லை. ஆனால் வாயிலுக்கு வெளியே இறாத்தல் முற்றும் இறந்துவிடவில்லை. பேக்கரியில் 450 கிராம் பாண் இன்றும் ஓர் இறாத்தல் பாணே. காணி பரப்பாலேயே விலை பேசப்படுகிறது. குளிரூட்டும் பொறி விற்போர் 9,000 என்றும் 12,000 என்றும் கூறுவன மணிக்கு இத்துணைப் பிரித்தானிய வெப்ப அலகு என்பதே. 12,000 என்னும் எண் வந்த வழி இது: 2000 இறாத்தலாகிய அமெரிக்கத் தொன் பனிக்கட்டி ஒருநாளில் உருகுவதாயின், இறாத்தலுக்கு 144 அலகாக 2,88,000 அலகு வேண்டும், அதனை 24 மணியால் வகுக்க 12,000. பனிக்கட்டியைப் பெட்டியிலிட்டு அறையைக் குளிர்வித்த காலத்துக் கணக்கு அது. அந்த 144, கிளாசுக்கோவில் பிளாக்கு அளக்க முயன்று 140 ஐ அடுத்துக் கண்ட மறைவெப்பமே. அப்பொறி குளிர்விக்கும் காற்றின் தன்வெப்பம் ஆங்கில அலகிலும் கலோரியிலும் 0.24, யூல் அலகில் அது கிலோகிராமுக்கு 1005. பொறியின் வலுவோ 3517 உவாற்று.